முதல் லென்ஸ் வாங்கும் முன் 18-55ஐக் கேளுங்கள்

கேமராவோடு வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸில் சில மாதம் படம் எடுத்துவிட்டு, "அண்ணா, அடுத்து எந்த லென்ஸ் வாங்கட்டும்?" என்று கேட்கும் பினாங்குத் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். கடைக்குப் போவதை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள்.

படி 1: ஜூமைக் கட்டிப் போடுங்கள்

ஜூம் வளையத்தை 35 மி.மீ. குவியத் தூரத்தில் வைத்து (இந்த எண் கூடினால் காட்சி நெருங்கி வரும்), நகராமல் இருக்க ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். லிட்டில் இந்தியாவில் மார்க்கெட் ஸ்திரீட்டிலிருந்து குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயில் வரை நடந்து எடுங்கள். மறுநாள் 50இல் ஒட்டிக்கொண்டு அதே வழி.

வித்தியாசம் காலுக்குத் தெரியும். தொடக்கநிலை கேமராக்களில் பெரும்பாலும் ஏபிஎஸ்-சி என்ற சிறிய அளவு சென்சார்தான். அதைச் செங்குத்தாகப் பிடித்து, நிற்கும் ஒருவரை உச்சி முதல் பாதம் வரை அடக்க, 50க்கு ஏறக்குறைய 4 மீட்டர் பின்னால் போக வேண்டும். 35க்கு 3 மீட்டர் போதும். கடை முன்னால் உள்ள நம் ஐந்தடி நடைபாதையில் அந்த ஒரு மீட்டர் பெரிய விஷயம். பின்னால் போகப் போக நடுச்சாலைக்கே வந்துவிடுவீர்கள். தெருவும் கடையும் பிடிக்கும் என்றால் ஜூம் இல்லாத 35 லென்ஸ் வாங்குங்கள். முகத்தை மட்டும் எடுக்க ஆசை என்றால் 50.

தைப்பூசத்துக்கு நீளமான ஜூம் வேண்டுமே என்பார்கள். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் காவடி கைக்கெட்டும் தூரத்தில் வரும். 35ஐ எடுத்துக்கொண்டு தைரியமாகப் போங்கள்.

படி 2: 1.8 என்ற எண்ணைப் பாருங்கள்

இரவு எட்டு மணிக்கு ஒரு பூக்கடை முன் நின்று, மல்லிகை கட்டும் அக்காவின் விரல்களைக் கிட் லென்ஸில் எடுத்துப் பாருங்கள். லென்ஸ் எவ்வளவு திறக்கும் என்பதை எஃப் எண் சொல்லும்; 50இல் கிட் லென்ஸ் திறப்பது எஃப் 5.6 அளவுக்குத்தான். ஷட்டர் வேகம், அதாவது ஒளி விழும் நேரம், பத்தில் ஒரு வினாடிக்கு இறங்கிவிடும். நூலைச் சுற்றும் விரல் வெள்ளைக் கோடாக இழுபடும். எஃப் 1.8 லென்ஸ் அதே இடத்தில் ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்வு அளவை) மாற்றாமலே ஷட்டர் நூறில் ஒரு வினாடிக்குப் போகும். விரல் நிற்கும், முடிச்சுகூடத் தெரியும். எண் சிறியதானால் திறப்பு பெரியது, இது மட்டும் நினைவிருக்கட்டும்.

அப்புறம் ஒன்று: மிகக் கிட்டத்தில் 1.8 வைத்தால் ஒரு விரல் தெளிவாகி அடுத்தது மங்கிவிடும். அப்போது 2.8க்கு வாருங்கள்.

படி 3: மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வாய்) பொருந்துமா?

கேனானின் புதிய ஆர்எஃப் மவுண்ட் கேமராவில் பழைய இஎஃப் மவுண்ட் லென்ஸை அடாப்டரோடு மாட்டலாம். இஎஃப் கேமராவில் ஆர்எஃப் லென்ஸை மாட்ட முடியாது. நிக்கான் டி3500, டி5600 போன்றவற்றுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. அதனால் மோட்டார் லென்ஸுக்குள் இருக்க வேண்டும்; அதன் பெயரில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் ஏஎஃப் என்றால் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும்.

படி 4: பழைய லென்ஸ் என்றால் டார்ச் அடியுங்கள்

நான் முதலில் வாங்கிய பழைய லென்ஸ் வெளியே பளபளவென்று இருந்தது. வீட்டுக்கு வந்து டார்ச் அடித்தபோதுதான் உள்ளே சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள் தெரிந்தன. பூஞ்சை! காசு போனது பெரிதில்லை, அந்த இரவு பட்ட வேதனைதான் மறக்கவில்லை. கடையிலேயே இரு பக்கத்து மூடியையும் கழற்றி, கைபேசி டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து சாய்வாக அடித்து, முன்பக்கம் வழியாகப் பாருங்கள். நாலைந்து தூசி இருந்தால் பரவாயில்லை. இழை தெரிந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம்.

படி 5: ஈரத்திலிருந்து காப்பாற்றுங்கள்

தீவில் காற்றே ஈரம். லென்ஸைத் தோல் பையில் போட்டு அலமாரியில் வைக்காதீர்கள். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் கொஞ்சம், ஈரப்பதம் காட்டும் ஒரு சின்ன மீட்டர், இது போதும். முள் 40க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் நிற்கட்டும். 60ஐத் தாண்டினால் ஜெல்லை மாற்றுங்கள்.