கோடையில் வெளிநாட்டுச் சுற்றுச்சூழல் படிப்பா? பணம் கட்டும் முன் இதைப் பாருங்கள்

மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான இந்தப் படிப்புகளின் விளம்பரங்களில் கடலாமையும் பவளப்பாறையும்தான் கண்ணைப் பறிக்கும். படத்தில் மயங்காமல், ஒரு நாளின் கால அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். களத்தில் எத்தனை மணி நேரம், பேருந்தில் எத்தனை மணி நேரம் என்று எண்ணுங்கள். பேருந்து ஜெயித்தால் அது படிப்பு இல்லை, சுற்றுலா!

அப்புறம் பருவம். கோஸ்டா ரிகாவின் டோர்டுகேரோ கடற்கரைக்குப் பச்சை ஆமைகள் முட்டையிட வருவது பெரும்பாலும் ஜூலை முதல் அக்டோபர் வரை. மே மாதமே போய் நின்றுகொண்டு பச்சை ஆமையைக் காணோமே என்றால் யாரைக் குறை சொல்வது? விண்ணப்பிக்கும் முன்பே தேதியைச் சரிபாருங்கள்.

பெட்டி கட்டும்போது சன்ஸ்க்ரீன் விஷயத்தில் கவனம் தேவை. ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்ற இரண்டு வேதிப்பொருள்களும் பவளங்களுக்குக் கேடு என்று ஹவாயில் அவை கலந்த சன்ஸ்க்ரீன்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்க 2021 முதல் தடை. குப்பியின் பின்பக்கம் இருக்கும் பொடி எழுத்தைப் படித்தே வாங்குங்கள்.

ஆமை பார்க்கப் போகும் இரவில் டார்ச் அடிக்கலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். வெள்ளை வெளிச்சம் பட்டால் ஆமை முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடக்கூடும். அனுமதித்தால் சிவப்பு ஒளி டார்ச். குறிப்பெடுக்கப் பென்சில் போதும், மழையில் நனைந்தாலும் எழுத்து கரையாது.

பாஸ்போர்ட்டையும் இப்போதே எடுத்துப் பாருங்கள். பல நாடுகள் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்று கேட்கின்றன.