ஆடியோ மீட்டரை மூடாதீர்கள்: எடிட்டிங் திரையை அமைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்யாண வீடியோ எடிட்டிங் கற்றுக்கொள்ள எங்கள் ஸ்டூடியோவுக்கு வரும் பிள்ளைகள், அடோபி பிரீமியர் புரோ என்ற எடிட்டிங் மென்பொருளைத் திறந்த முதல் வாரத்திலேயே திரையைத் தங்கள் விருப்பப்படி மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள். அது நல்ல பழக்கம்தான். ஆனால் தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த தவறுகளையே, ஏறக்குறைய அதே வரிசையில், அவர்களும் செய்வதைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. ஏதோ ஒரு பேனலை (திரையில் தனித்தனியாக இருக்கும் கட்டங்களில் ஒன்றை) தெரியாமல் மூடிவிட்டுத் தேடுவது போன்றவை இரண்டு நாளில் தாமே சரியாகிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

இடம் போதவில்லை என்று ஆடியோ மீட்டரை மூடுவது

காட்சிகளை அடுக்கி வெட்டும் டைம்லைனுக்கு வலப்பக்கம், ஒலியின் அளவைக் காட்டியபடி ஒல்லியாக நிற்கும் ஆடியோ மீட்டர்தான் புதியவர்களின் கண்ணை முதலில் உறுத்துகிறது. “ஹெட்போன்லதான் கேக்குறேனே அண்ணா, இது எதுக்கு?” என்றபடியே அதை மூடிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் மூடினேன்.

அது ஒரு முகூர்த்த வீடியோ. நாதஸ்வரக் கலைஞர்களுக்கு முன்னால் வைத்த ரெக்கார்டரின் ஒலி ஒரு ட்ராக்கிலும், கேமரா மைக்கின் ஒலி இன்னொரு ட்ராக்கிலும் இருந்தன. தனித்தனியே கேட்டால் இரண்டும் அளவோடுதான் இருந்தன. தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் முழங்கியபோதோ, இரண்டும் ஒன்றுசேர்ந்து 0 டெசிபலைத் தாண்டிவிட்டன. டிஜிட்டல் ஒலிக்கு 0தான் கூரை. அதற்கு மேல் எழும் அலையின் முகடு எக்ஸ்போர்ட் ஆகும்போது தட்டையாக வெட்டுப்பட்டு, காதில் கரகரப்பாக விழும். மீட்டர் திறந்திருந்தால் அதன் உச்சியில் உள்ள சிறு கட்டம் சிவந்து காட்டிக்கொடுத்திருக்கும். நள்ளிரவு தாண்டி, ஹெட்போனின் ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு வேலை பார்த்த என் காதுக்கு அது பிடிபடவில்லை.

பெண் வீட்டார் உறவினர்களையெல்லாம் கூட்டி உட்காரவைத்துப் பெரிய டிவியில் அதைப் போட்டிருக்கிறார்கள். மறுநாள் பெண்ணின் அப்பா தொலைபேசியில் கோபமே இல்லாமல், “தம்பி, மேளம் கொட்டுற இடத்துல மட்டும் தகரத்தை உரசுற மாதிரி இருக்கே” என்றார். ட்ராக்குகளின் அளவைக் குறைத்து, மூன்று மணி நேர வீடியோவை மறுபடியும் எக்ஸ்போர்ட் செய்து, நான்கு பென் டிரைவ்களையும் திரும்ப வாங்கி மாற்றிக் கொடுத்தேன். ஆனால் அத்தனை பேரும் கூடி உட்கார்ந்து பார்த்த அந்த முதல் தடவையை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. இன்றைக்கும் யாராவது மீட்டரை மூடுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

இத்தனைக்கும் அதை மூட வேண்டிய அவசியமே இல்லை. அதன் ஓரத்தைப் பிடித்து இழுத்து ஒரு விரல் அகலத்துக்குச் சுருக்கி வைத்தாலே போதும், சிவப்பு கண்ணில் படும். படம் பெரிதாகத் தெரிய வேண்டுமானால், எடிட் செய்த படம் ஓடும் புரோகிராம் மானிட்டரின் மேல் மவுஸை வைத்து, எண் 1-க்கு இடப்பக்கம் உள்ள விசையை அழுத்துங்கள். அந்தப் பேனல் மட்டும் சாளரம் முழுவதும் விரியும், மீண்டும் அழுத்தினால் பழைய இடத்துக்குப் போய்விடும். தலைப்பைத் தமிழில் தட்டிவிட்டு விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்ற மறந்திருந்தால் இந்தக் குறுக்குவிசை பல நேரம் வேலை செய்யாது. ‘இது எனக்கு வரவில்லை’ என்று சொன்னவர்களில் பாதிப்பேரின் சிக்கல் அதுதான்.

நிறத் திருத்தத்தின்போது, நிறத்தையும் வெளிச்சத்தையும் வரைபடமாக அளந்து காட்டும் லுமெட்ரி ஸ்கோப்ஸை மூடுவதும் இதே வகைத் தவறு.

அமைத்ததைப் பெயரிட்டுச் சேமிக்காமல் விடுவது

பேனல்களை நகர்த்தி வைத்தால், அடுத்த முறை திறக்கும்போதும் அவை அங்கேயே இருப்பதால், சேமித்தாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். யாரோ ஒருவர் ஆல்ட், ஷிஃப்ட், 0 மூன்றையும் சேர்த்து அழுத்தினால், கடைசியாகச் சேமித்த நிலைக்குத் திரை திரும்பிவிடும். ஒரு மாதம் பார்த்துப் பார்த்து அமைத்தது அந்த நொடியே போய்விடும். விண்டோ மெனுவில் வொர்க்ஸ்பேஸஸ் (திரை அமைப்புகள்) என்பதற்குள் ‘சேவ் அஸ் நியூ வொர்க்ஸ்பேஸ்’ இருக்கிறது. உங்கள் பெயரிலேயே ஒன்றைச் சேமித்துக்கொள்ளுங்கள். ஒரே கணினியில் இரண்டு ஷிஃப்ட் ஓடும் இடங்களில் இது இல்லாமல் காலம் தள்ள முடியாது.

பேனல்களைத் தனியே மிதக்க விடுவது

தனிச் சாளரமாகப் பிரிந்து நிற்கும் பேனல் மற்றவற்றை மறைக்கும், ஒற்றை மானிட்டரில் வேண்டாம்.

எல்லா வேலைக்கும் ஒரே அமைப்பு

வெட்டுவதற்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று, நிறத்துக்கு ஒன்று என்று தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தவரின் புராஜெக்டைத் திறந்துவிட்டுத் திகைப்பது

இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர் செய்த புராஜெக்டை மடிக்கணினியில் திறந்தால், பேனல்கள் தாறுமாறாகக் கிடப்பதைப் பார்த்துப் புராஜெக்டே கெட்டுவிட்டது என்று பயந்துவிடுகிறார்கள். புராஜெக்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதே வொர்க்ஸ்பேஸஸ் மெனுவில் ‘இம்போர்ட் வொர்க்ஸ்பேஸ் ஃப்ரம் புராஜெக்ட்ஸ்’ என்பதில் டிக் இருந்தால், புராஜெக்டோடு அதைச் செய்தவரின் திரை அமைப்பும் சேர்ந்து வரும். அந்த டிக்கை எடுத்துவிட்டுத் திறந்தால் உங்கள் அமைப்பு அப்படியே இருக்கும்.

கணினியை மாற்றும்போது, டாக்குமென்ட்ஸுக்குள் அடோபி, பிரீமியர் புரோ, பதிப்பு எண், உங்கள் புரொஃபைல் என்று ஒவ்வொன்றாக உள்ளே போனால் லேஅவுட்ஸ் என்ற ஃபோல்டர் கிடைக்கும். நீங்கள் சேமித்த அமைப்புகள் அதில்தான் இருக்கின்றன. பழைய கணினியை ஃபார்மட் செய்யக் கொடுக்கும் முன் அதை ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.