பந்து விழுவதை ஃபோனில் அளப்பது எப்படி?

வகுப்பில் ஏதாவது செயலியைத் திறந்து காட்டினால் பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள், மணி அடித்ததும் மறந்துவிடுவார்கள். சில வருடங்கள் நானும் அப்படித்தான் ஓட்டினேன். இப்போது ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன்: ஃபோனைத் தொடும் முன் விடையைத் தாளில் எழுத வேண்டும். அதுவும் பேனாவால். பென்சில் என்றால் கமுக்கமாக அழித்துவிடுவார்கள்.

முதல் பாடத்துக்கு, ஃபோனுக்குள் இருக்கும் உணரிகளை வைத்து அளக்கும் ஃபிஃபாக்ஸ் (phyphox) என்ற செயலி போதும், இலவசம்தான். அதில் முடுக்கம் அளக்க இரண்டு வழி இருக்கும். ஈர்ப்பையும் சேர்த்துக் காட்டுவதைத் திறங்கள். "மேசைமேல் சும்மா கிடக்கும் ஃபோன் என்ன முடுக்கம் காட்டும்?" என்று கேளுங்கள். முக்கால்வாசிப் பேர் பூஜ்யம் என்று எழுதுவார்கள். திரையில் 9.8 மீ/நொடி² வரும். சரி, கீழே விழும்போது? இப்போது 9.8 என்று எழுதுவார்கள். தடிமனான தலையணைமேல் ஃபோனை நழுவ விடுங்கள். விழும் அந்த நொடித் துணுக்கில் கோடு பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். உள்ளே இருக்கும் உணரி உண்மையில் அளப்பது, மேசை ஃபோனை மேலே தள்ளுவதைத்தான். இதை நீங்களே சொல்லிவிடாதீர்கள். அவர்கள் சண்டை போட்டு முடிக்கட்டும், பத்து நிமிடம் போனால் போகட்டும்.

அடுத்தது வீடியோ. கணினியில் டிராக்கர் (Tracker) என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். வீடியோவின் ஃப்ரேம்களில் பந்து இருக்கும் இடத்தில் புள்ளி வைத்தால் அது தூரத்தையும் நேரத்தையும் கணக்கிடும். ஃபோனை எதிலாவது சாய்த்து அசையாமல் நிறுத்துங்கள். கையில் பிடித்தால் வேலைக்கு ஆகாது. ஒரு மீட்டர் அளவுகோலைப் பந்து விழும் அதே தூரத்தில் நிறுத்த வேண்டும். பின்னால் இருக்கும் சுவரில் ஒட்டினால் பந்து கேமராவுக்குக் கிட்டே இருப்பதால் அதிக தூரம் விழுந்த மாதிரி கணக்கு வரும். வெளிச்சம் நிறைய வேண்டும். மங்கலான அறையில் பந்து பந்தாக இருக்காது, இழுத்துவிட்ட மைக்கறை மாதிரி இருக்கும். அதில் எந்த இடத்தில் புள்ளி வைப்பது?

நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால் மூன்று ஃப்ரேமுக்கு ஒருமுறை புள்ளி வைத்தால் 0.1 நொடி இடைவெளி. ஒவ்வொரு இடைவெளியிலும் பந்து விழும் தூரம் 4.9, 14.7, 24.5, 34.3 செ.மீ. என்று கூடிக்கொண்டே போகும், அதாவது 1:3:5:7. கலிலியோ கண்ட அதே ஒற்றைப்படை வரிசை. பந்து கையிலிருந்து விடுபட்ட ஃப்ரேமைச் சரியாகப் பிடிக்காவிட்டால் இந்த விகிதம் கலைந்துவிடும். ஆனால் அடுத்தடுத்த தூரங்களின் வித்தியாசம் மட்டும் 9.8 செ.மீ.யை ஒட்டியே நிற்கும். எனக்கு இந்தப் பரிசோதனையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

ஒருமுறை ஒரு குழு ஈர்ப்பு முடுக்கம் 0.15 என்று கொண்டுவந்தது. நிலாவில்கூட 1.6 இருக்கிறதே, நீங்கள் எங்கே போய் பந்து போட்டீர்கள் என்றேன். பார்த்தால், ஸ்லோமோஷனில் எடுத்திருக்கிறார்கள். ஃபோன் நொடிக்கு 240 ஃப்ரேம் எடுத்திருக்கிறது, டிராக்கர் அதை 30 என்று நினைத்துக்கொண்டது. நேரம் 8 மடங்கு நீண்டால் முடுக்கம் 64 மடங்கு சுருங்கும். 9.8-ஐ 64-ஆல் வகுத்துப் பார்த்தார்கள், 0.153. அன்று நான் நடத்த வைத்திருந்த பாடத்தைவிட அது நல்ல பாடம். ஸ்லோமோஷனில் எடுத்தால் உண்மையான ஃப்ரேம் வேகத்தை டிராக்கரில் நீங்களே பதிய வேண்டும்.

ஃபெட் (PhET) மாதிரியான, திரையிலேயே பரிசோதனை செய்து பார்க்கும் சிமுலேஷன்களையும் பயன்படுத்துகிறேன், ஆனால் கையால் செய்ய முடியாததற்கு மட்டும்: கம்பிக்குள் எலக்ட்ரான் ஓடுவது, காற்றே இல்லாமல் குண்டு எறிவது. பந்தைக் கீழே போடுவதற்கு எதற்குத் திரை?

ஆளுக்கொரு ஃபோன் வேண்டாம், நாலு பேருக்கு ஒன்று போதும். ஒருவர் போட, ஒருவர் படம் பிடிக்க, ஒருவர் புள்ளி வைக்க, ஒருவர் எழுத. அப்புறம் பந்துக்குப் பதிலாக, கேக் சுடும் மெல்லிய காகிதக் குவளையைப் போடச் சொல்லுங்கள். அந்த 9.8 செ.மீ. வித்தியாசம் என்ன ஆகும்? முதலில் தாளில்.