மறதி நோயுள்ள துணையோடு சின்ன வீட்டுக்கு மாறும் முன்

கோவைப் பக்கம் முதியோர் குடியிருப்புகள் நிறைய வந்துவிட்டன. கணவருக்கோ மனைவிக்கோ டிமென்ஷியா என்றால், அங்கே இடம் பார்ப்பதற்கு முன்னால் வீட்டுப் பத்திரத்தைப் பாருங்கள். அவர் பெயரில் இருந்தால், விஷயம் புரிகிற நிலையில் இருக்கும்போதே டாக்டர் சர்டிபிகேட்டோடு விற்பனையை முடித்துவிடுங்கள். அவர் சார்பில் விற்கும் அதிகாரத்தை, அதாவது பவர் பத்திரத்தை, எழுதி வாங்கியாச்சே என்று சும்மா இருந்தால், எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்ததும் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி அது பொதுவாகச் செல்லாது, அப்புறம் கோர்ட் படியேற வேண்டியதுதான்.

குடியிருப்பில், நோய் முற்றினாலும் இங்கேயே வைத்துப் பார்ப்பீர்களா என்று நேராகக் கேட்டு, பதிலை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு உதவாது.

சாமான் கழிப்பதை அவர் கண்ணெதிரே செய்யாதீர்கள். புது அறையில் முன்கூட்டியே அவருடைய பழைய கட்டிலைப் போட்டு, படுக்கிற பக்கம் மாறாமல், அதே போர்வை, தலைமாட்டில் அதே சாமி படம், தினசரி காலண்டர் எல்லாம் வைத்துவிட்டு, காலை டிபன் முடிந்ததும் கூட்டிப்போங்கள். பலருக்கு மாலையில்தான் குழப்பம் கூடும். ராத்திரி பாத்ரூம் விளக்கு எரியட்டும், கதவும் திறந்தே இருக்கட்டும், படுக்கையிலிருந்து பார்த்தாலே தெரியும்படி.

சந்தேகம் கேட்க முதியோர் உதவி எண் 14567, கட்டணம் கிடையாது.