பழைய ஆவணத்தில் உங்கள் ஊர் எந்த மாவட்டம்?

தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் பற்றி எம்.ஏ., பிஎச்.டி. ஆய்வு செய்கிறவர்கள், எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் முதலில் 'சேலம்' என்று தேடுங்கள், கூடவே தாலுகா பெயரும். தருமபுரி சேலத்திலிருந்து பிரிந்ததே 1965-இல்தான், நாமக்கல் 1997-இல். கிருஷ்ணகிரி இன்னும் இளசு, 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. ஆகவே வெள்ளைக்காரன் காலத்து நிலவரி, பஞ்சக் கோப்புகளில் 'கிருஷ்ணகிரி மாவட்டம்' என்று தேடினால் ஒரு பகல் போகும், ஒன்றும் கிடைக்காது. சேலத்திலிருந்து போய்வரும் ரயில் செலவு வேறு!

திருப்பத்தூருக்கும் நாமக்கல் தாலுகாவுக்கும் இது பாதிதான் உதவும். நாமக்கல் தாலுகா 1910 முதல் 1929 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தது, அந்த ஆண்டுக் கோப்புகளை அங்கே தேடுங்கள். திருப்பத்தூர் 1911-இல் வட ஆற்காட்டு மாவட்டத்துக்குப் போய்விட்டது. அப்புறம் அங்கேதான் தேட வேண்டும். ஏற்காடு, சேர்வராயன் மலைக்காரர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை, அன்றும் இன்றும் சேலம்தான். ஆங்கில எழுத்துக்கூட்டல் மட்டும் 'ஷெவராய்' என்றிருக்கும்.