டெர்மினலில் மென்பொருள் நிறுவலாம், நடுவில் கரண்ட் போனாலும்

கம்ப்யூட்டரில் உபுண்டு லினக்ஸ் போட்டாயிற்று, டெர்மினலை, அதாவது கட்டளை தட்டும் ஜன்னலைத் திறக்கத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். கட்டளைகளை வாசிக்கிற ஒலியில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்துதான். சூடோ என்றால் எஸ், யு, டி, ஓ; நிர்வாகி உரிமையோடு ஓட்டு என்று அர்த்தம். ஆப்ட் என்றால் ஏ, பி, டி; மென்பொருளை இறக்கி நிறுவும் கருவி.

முதலில் சூடோ ஆப்ட் அப்டேட். இது எதையும் நிறுவாது, என்னென்ன கிடைக்கும் என்ற பட்டியலைப் புதுப்பிக்கும், அவ்வளவுதான். இதை விட்டுவிட்டுப் போனால் 'அனேபிள் டு லொகேட் பேக்கேஜ்', அதாவது அந்த மென்பொருள் பொதியைக் காணோம் என்று வந்து நிற்க வாய்ப்பு உண்டு.

பாஸ்வேர்ட் கேட்கும். நான் முழித்த இடம் இதுதான். தட்டத் தட்டத் திரையில் ஒரு புள்ளிகூட விழாது. கீபோர்டில் கோளாறு இல்லை, அதன் வழக்கமே அப்படி. முழுசாகத் தட்டி என்டர் கொடுங்கள். மின்ட் என்ற இன்னொரு லினக்ஸோ, உபுண்டு 26.04-ஓ வைத்திருப்பவர்களுக்கு நட்சத்திரம் விழும்.

அப்புறம் சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஐபஸ்-எம்17என். ஐபஸ் என்றால் ஐ, பி, யு, எஸ். தமிழ்99 தட்டச்சுக்கு இது வேண்டும். நிறுவி, லாக் அவுட் செய்து திரும்ப வந்து, கீபோர்டு செட்டிங்கில் தமிழைச் சேர்க்கலாம். கூடவே வேறு பேக்கேஜ்களும் தேவைப்பட்டால், எத்தனை எம்பி இறங்கும் என்று காட்டி, சம்மதமா என்று கேட்கும். போன் ஹாட்ஸ்பாட்டில் இருப்பவர்கள் அந்த வரியைப் பார்த்துவிட்டு ஒய் அழுத்துங்கள்.

பழைய பதிவுகளில் ஆப்ட்-கெட் என்று இருக்கும். அதுவும் ஓடும். எனக்கு 2014-ல் வந்த ஆப்ட்தான் பிடிக்கும், எவ்வளவு முடிந்தது என்று பட்டை காட்டுகிறது. உபுண்டுவில் மென்பொருள் நிறுவ இன்னொரு வழியான ஸ்னாப் பக்கம் நான் போவதே இல்லை, டேட்டாவைக் குடிக்கும்.

இனி கரண்ட். நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. குலசேகரம் பக்கம் காற்றடித்து ரப்பர் மரக்கொம்பு லைனில் விழுந்தால் கதை முடிந்தது. இறங்கிக்கொண்டிருக்கும்போது போனால் கவலை இல்லை. அதே கட்டளையைத் திரும்பக் கொடுங்கள், இறங்கி முடிந்த ஃபைல்கள் மறுபடி இறங்காது. நிறுவும்போது போனால்தான் சிக்கல்: 'டிபிகேஜி வாஸ் இன்டரப்டட்' என்று அடம்பிடிக்கும். டிபிகேஜி என்பது ஆப்டுக்கு அடியில் நின்று நிறுவுகிற கருவி. சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ என்று கொடுங்கள். முன்னால் இரண்டு கோடு, ஏ-க்கு ஒரு கோடு, நடுவில் இடைவெளி. அதற்கும் அடங்காவிட்டால் சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்.

பிற்சேர்க்கை: மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தம்பி, 'குட் நாட் கெட் லாக்' என்று வருகிறதே அண்ணா, அந்த லாக் ஃபைலை அழித்துவிடவா என்று கேட்டிருந்தார். வேண்டாம் தம்பி. கம்ப்யூட்டரைப் போட்டதும் பின்னணியில் தானாக அப்டேட் ஓடும், அது வைத்த பூட்டு அது. ஒரு சாயா குடித்துவிட்டு வந்து திரும்பக் கொடுங்கள்.