வெள்ளி நைத்திரேற்று: பாடசாலை ஆய்வுகூடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலையகப் பாடசாலைகளில் இந்த விலையுயர்ந்த உப்பு பெரும்பாலும் தண்ணீரால்தான் வீணாகிறது. பீலித் தண்ணீர் எவ்வளவு தெளிவாக ஓடினாலும் அதில் கொஞ்சம் குளோரைட்டு இருக்கும். குளோரீன் இட்ட நகரக் குழாய்நீரிலும் உண்டு. உப்பைப் போட்டதும் நீர் கலங்கினால் வெள்ளி குளோரைட்டாக வீழ்படிகிறது, கரைசலின் செறிவு குறைகிறது. கொதிக்கவைத்தாலும் குளோரைட்டு போகாது. காய்ச்சி வடித்த நீரே வேண்டும். பற்றரிக்கு ஊற்றும் தண்ணீர்தான் கிடைத்தது என்றால், அதில் 5 மில்லிலீற்றரை எடுத்து அதற்குள் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலின் இரண்டு துளியை விட்டு, கறுப்புத் தாளைப் பின்னால் பிடித்துப் பாருங்கள். கலங்காவிட்டால் பாவிக்கலாம்.

0.1 மூல்/லீற்றர் கரைசல் 100 மில்லிலீற்றருக்கு 1.70 கிராம் போதும். நிறுக்கும்போது இரும்பு, செம்புக் கரண்டி வேண்டாம். அவற்றின் மேல் வெள்ளி படியும். கரைசலைக் கபிலநிறப் போத்தலில் ஊற்றி, பெயரும் செறிவும் திகதியும் எழுதி ஒட்டுங்கள். இந்த உப்பு ஒட்சியேற்றி என்பதால் ஸ்பிரிட், கரி, கடதாசி இருக்கும் தட்டில் வைக்காதீர்கள்.

குளோரைட்டு, புரோமைட்டு, அயடைட்டு ஆகியவற்றைக் கண்டறியும் ஏலைட்டுச் சோதனையில், வெள்ளி நைத்திரேற்று விடுமுன் மாதிரியை ஐதான நைத்திரிக்கமிலத்தால் மட்டுமே அமிலமாக்க வேண்டும். ஐதரோகுளோரிக்கமிலம் இட்டால் எந்த மாதிரியும் வெண்ணிற வீழ்படிவு தரும். சரியாகச் செய்த சோதனையில் வெண்ணிற வீழ்படிவு வந்து ஐதான அமோனியாவில் கரைந்தால் குளோரைட்டு. வெளிறிய மஞ்சளாக வந்து செறிந்த அமோனியாவில் மட்டும் கரைந்தால் புரோமைட்டு. மஞ்சளாக வந்து இரண்டிலும் கரையாவிட்டால் அயடைட்டு.

மிகவும் ஆபத்தான தவறு, தொலனின் சோதனைப்பொருளை (அல்டிகைட்டுடன் குழாயின் சுவரில் வெள்ளி ஆடி தரும் கரைசல்) அடுத்த வகுப்புக்கென எடுத்து வைப்பது. வைத்திருந்தால் அதில் கறுப்புத் திண்மம் உண்டாகும். அது சிறு அசைவிலும் வெடிக்கக்கூடியது. தேவையான அளவை அப்போதே சோதனைக்குழாயில் தயாரியுங்கள்: 2 மில்லிலீற்றர் வெள்ளி நைத்திரேற்று, ஒரு துளி ஐதான சோடியம் ஐதரொட்சைட்டு, பிறகு கபிலநிற வீழ்படிவு கரையும் மட்டும் துளித்துளியாக ஐதான அமோனியா. மாதிரியைச் சேர்த்து, சுவாலையில் பிடிக்காமல் சுடுநீரில் வைத்துச் சூடாக்குங்கள். குழாய் அழுக்காக இருந்தால் ஆடி வராது, கறுப்புத் தூள்தான் வரும். வேலை முடிந்த கையோடு ஐதான நைத்திரிக்கமிலம் விட்டு அமிலமாக்குங்கள். இதில் எந்தச் சலுகையும் வேண்டாம்.

தோலில் பட்டால் உடனே ஒன்றும் தெரியாது. சில மணித்தியாலங்களில் கறுக்கும். சவர்க்காரத்துக்குப் போகாத அந்தக் கறை, தோல் உரிய உரியத்தான் மறையும். அதனால் கையுறை வேண்டும், கண்ணாடி கட்டாயம் வேண்டும். கண்ணில் தெறித்தால் இமையை விரித்துப் பிடித்து 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். குழாயில் தண்ணீர் நின்றுபோகும் பாடசாலை என்றால், வாளிகளில் சுத்தமான நீர் நிரப்பிய பிறகே செய்முறையைத் தொடங்குங்கள்.

கழிவைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். நம் ஓடைகள் மகாவலி, களனி ஆறுகளுக்குப் போகின்றன. வெள்ளி அயன் மீன்களுக்கு நஞ்சு. அமிலமாக்கிய கழிவில், மேலும் கலங்காத மட்டும் சமையல் உப்புக் கரைசல் ஊற்றி, ஓர் இரவு அடங்கவிட்டு, அடியில் தங்கும் வீழ்படிவைப் பெயரிட்ட போத்தலில் சேருங்கள். 1.70 கிராம் வெள்ளி நைத்திரேற்றில் 1.08 கிராம் வெள்ளி இருக்கிறது, அதனால் அதை எறிய வேண்டாம்.